கரும்பலகைத் திட்டமும் கட்டடச் செலவின் பொறுப்பும்: 1986 கல்விக் கொள்கையின் ஒரு விதி குறித்து

1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஈன்ற கரும்பலகைத் திட்டத்தை ஆராய்ந்தவர்கள், வழிகள் வேறாயினும், பெரும்பாலும் ஒரே தீர்ப்பில் வந்து நின்றிருக்கிறார்கள்: கொள்கை செம்மையானது, நிறைவேற்றியவர்களிடந்தான் சிரத்தை போதவில்லை என்பது அது. பெட்டியிலேயே பூட்டிக் கிடந்த தேசப்படங்களும், பிள்ளைகளின் கைக்கு எட்டாத விளையாட்டுச் சாதனங்களும், பயிற்சி பெறாத ஆசிரியர்களும் இத்தீர்ப்புக்குச் சாட்சிகளாக நிறுத்தப்படுகின்றனர். அச்சாட்சியம் பொய்யென்று நான் வாதிக்க வரவில்லை. ஆனால் அது சாதனங்களைப் பற்றியதேயன்றிக் கட்டடங்களைப் பற்றியதன்று. அறை, ஆசிரியர், சாதனம் என்னும் திட்டத்தின் மூன்று அங்கங்களுள் செங்கல்லும் சிமெண்டும் வேண்டி நின்ற அங்கம் பின்தங்கியதற்குரிய மூலகாரணம், முதல் அஸ்திவாரம் தோண்டப்படுவதற்கு முன்பே, கொள்கையின் வாசகத்துக்குள் அமைந்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பள்ளி வசதிகளைப் பேசும் பத்தி, எல்லாப் பருவத்திலும் பயன்படத்தக்க, ஓரளவு பெரிய இரண்டு அறைகளையும், ஒருவரேனும் பெண்ணாயிருக்கும் இரண்டு ஆசிரியர்களையும், கரும்பலகை முதலான கற்பித்தற் சாதனங்களையும் ஒவ்வொரு தொடக்கப்பள்ளிக்கும் வகுத்துரைத்துவிட்டு, கட்டடச் செலவை மட்டும் 1980-இல் தொடங்கிய தேசிய ஊரக வேலைவாய்ப்புத் திட்டம், 1983-இல் தொடங்கிய ஊரக நிலமற்றோர் வேலைவாய்ப்பு உறுதித் திட்டம் ஆகிய இரண்டின் நிதியிலிருந்து முதன்முதலாக எடுக்கவேண்டிய செலவாக ஆக்குகிறது. இதனை முன்னுரிமையின் பிரகடனமாகக் கொள்வதே இதுவரை வழக்கம். ஆயினும் கூடுதல் ஆசிரியரின் சம்பளத்துக்கும் சாதனங்களுக்கும் மத்தியக் கல்வித்துறை பணம் தந்ததையும், கட்டடத்துக்கு மட்டும் வேறோர் அமைச்சகத்தின் பொக்கிஷம் சுட்டப்பட்டதையும் சேர்த்து நோக்குவோமாயின், அவ்விதி கல்வித்துறையின் தோளிலிருந்து ஒரு சுமையை இறக்கிவைக்கும் ஏற்பாடாகவே காட்சி தருகிறது.

இவ்வாசிப்புக்கு அகச்சான்று பத்தியிலேயே உண்டு. நாடெங்கும் உள்ள தொடக்கப்பள்ளிகளைச் சீர்செய்வதாக அது சொல்கிறது. ஆனால் கட்டடத்துக்கென்று பெயர் சொல்லிச் சுட்டும் இரண்டு நிதிகளும் கிராமங்களுக்கே உரியவை. நகரத்துச் சேரியில் ஓலைக்கூரையின்கீழ் இயங்கிய பள்ளிக்கு அதே பத்தி அறைகளை வாக்களித்துவிட்டுப் பணத்துக்கு வழி சொல்லாமல் விடுகிறது. தேவையை அளந்து வகுத்த விதியாயின் இவ்விடைவெளி தோன்றியிராது. கைக்கெட்டிய நிதியை நோக்கி வகுத்த விதியாதலின் தோன்றிற்று.

புறச்சான்று இன்னும் வலியது. 1989 ஏப்ரலில் அவ்விரு திட்டங்களும் ஜவஹர் வேலைவாய்ப்புத் திட்டமாக இணைந்தபோது, மாநிலங்களுக்குப் பணம் பகிரப்பட்டது கிராமப்புற ஏழைகளின் தொகையைக் கொண்டேயன்றி, கட்டடமற்ற பள்ளிகளின் தொகையைக் கொண்டன்று. செலவில் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் கூலியாகச் சேரவேண்டும் என்பது அதன் நியதி. மண் வெட்டிக் கரை போடும் வேலைக்கு இயல்பாகப் பொருந்தும் இந்நியதி, கம்பியும் மரமும் கூரையுமாகப் பொருட்செலவே மிகுந்து நிற்கும் பள்ளிக்கட்டடத்துக்குப் பொருந்துவது அரிது. எல்லாவற்றினும் முக்கியமாக, அந்நிதியில் இந்திரா குடியிருப்புத் திட்டத்துக்கு 6 விழுக்காடும், பத்து லட்சம் கிணறுகள் திட்டத்துக்கு 20 விழுக்காடும் தொடக்கத்திலேயே தனியே ஒதுக்கப்பட்டன. முதலிடம் தரப்பட்டதாகச் சொல்லப்படும் பள்ளிக்கோ கொள்கைப் பத்தி ஒரு விழுக்காட்டையும் வரையறுக்கவில்லை. வீதம் பெற்றவை பணத்தைப் பெற்றன. முதலிடம் பெற்றது ஊராட்சியின் விருப்பத்துக்குக் காத்து நின்றது. மாவட்டத்துக்கு வந்த நிதியில் 80 விழுக்காடு ஊராட்சிகளின் கைக்குச் சென்ற அக்காலத்தில், சாலைக்கும் குளத்துக்கும் இடையே பள்ளி எவ்விடத்தில் நின்றிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இவையனைத்தும் நோக்கத்தை நிரூபித்துவிடுகின்றன என்று நான் சொல்லத் துணியேன். வரைந்தவர்கள் மெய்யாகவே முன்னுரிமை அளிப்பதாக நம்பியிருத்தல் கூடும். ஆயின் நோக்கம் எதுவாயினும் விளைவு அதுவே. 1992-இல் கொள்கை திருத்தப்பட்டபோது, கட்டட வேலை பின்தங்கியிருந்தது தெரிந்தும், இரண்டு அறைகள் மூன்றாக உயர்த்தப்பட்டன. பணத்துக்கோ, பெயர் மாறிய அதே வேலைவாய்ப்பு நிதியே மீண்டும் சுட்டப்பட்டது. சிரத்தையின்மையே காரணமென்று கொள்வோர் இத்திருத்தத்துக்கு என்ன சமாதானம் கூறுவர் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆட்சேபங்கள் இரண்டுண்டு. ஒரே பணத்தில் ஏழைக்கு வேலையும் குழந்தைக்குப் பள்ளியும் கிட்டுவது சிக்கனமன்றோ என்பது முதலாவது. கூலி விகிதத்தைக் கண்டபின் இதற்குத் தனி மறுமொழி வேண்டா. கட்டடம் மாநிலங்களுக்கும் ஊர்மக்களுக்கும் உரிய கடமை என்பது இரண்டாவது. அரசியலமைப்பின் 42-ஆவது திருத்தத்தால் கல்வி பொதுப்பட்டியலுக்கு வந்து பத்தாண்டு நெருங்கிய வேளையில், மத்திய அரசே வெளியிட்ட கொள்கையைக் குறித்து இவ்வாட்சேபம் நிற்காது. 1958 முதல் சென்னை மாநிலத்தில் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் நடந்து, ஊர்மக்களின் கொடையைப் பள்ளிகளுக்குத் திரட்டிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை இதற்கு ஆதாரமாகக் காட்டுவோர், அங்கே கல்வித்துறையே முன்னின்று மக்களை அழைத்தது என்பதை மறந்துவிடுகின்றனர்.

பிற்காலக் கல்வித் திட்டங்கள் பேசாமலே இவ்வாசிப்பை ஒத்துக்கொள்கின்றன. 1994-இன் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டமும், 2001-இன் அனைவருக்கும் கல்வித் திட்டமும் கட்டட வேலையைத் தம் நிதிக்குள்ளேயே கொண்டுவந்து அதற்கு உச்சவரம்பு விதித்தன. பின்னதில் அவ்வரம்பு 33 விழுக்காடு. வரம்பு கட்டுபவன் செலவு தன்னுடையதென்று ஏற்றுக்கொண்டவனாகிறான். செலவை யார் தனதென்று ஏற்றார் என்னும் இச்சோதனையை வகுப்பறைத் தொழில்நுட்பத்தின் வரலாற்றிலும் செய்துபார்த்தல் தகும்: மின்னணுவியல் துறையும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து 1984-இல் பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கணினிகளை வழங்கிய முயற்சியில், கருவியை வாங்கிக் கொடுத்தவர் யார், அதன் அறைக்கும் பராமரிப்புக்கும் கணக்குச் சொல்ல வேண்டியவர் யார் என்பதே கேட்கத்தக்க முதல் வினா. கரும்பலகைத் திட்டத்தைப் பொறுத்தவரை, ஆசிரியரின் பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆய்வு போதுமான அளவு நடந்துவிட்டது. இனித் திறக்க வேண்டியவை ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் ஒதுக்கீட்டுக் கோப்புகள்.