குழந்தைச் சாட்சி

தாங்கள் கண்டதையோ தங்களுக்கு நேர்ந்ததையோ நீதிமன்றத்தில் சொல்லும் சிறுவர் சிறுமியரே குழந்தைச் சாட்சிகள். இந்தியச் சட்டம் இதற்குக் குறைந்தபட்ச வயது எதையும் வைக்கவில்லை. கேள்வி புரிந்து பொருத்தமாகப் பதில் சொல்ல முடிந்தால் போதும் என்றது 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 118ஆம் பிரிவு. 2024 ஜூலை 1இல் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியமும் (பிரிவு 124) அதையே சொல்கிறது.

புரிகிறதா என்று பார்ப்பது நீதிபதியின் வேலை. பேர் என்ன, எத்தனாவது படிக்கிறாய், பொய் சொல்வது சரியா தப்பா என்று முதலில் கேட்டுப் பதிலைக் குறித்துக்கொள்வார். உண்மை சொல்ல வேண்டும் என்று தெரிந்து, சத்தியப் பிரமாணத்தின் பொருள் மட்டும் விளங்காத 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பிரமாணம் தேவையில்லை (1969ஆம் ஆண்டுப் பிரமாணச் சட்டம்). பிரமாணம் செய்விக்காததால் சாட்சியம் செல்லாமல் போகாது என்று, 8 வயதுச் சிறுமி சாட்சி சொன்ன ராமேஷ்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951லேயே தீர்ப்பளித்துவிட்டது.

பாலியல் குற்றங்களில் பெரும்பாலும் பாதிக்கப்பட்ட குழந்தையை விட்டால் வேறு சாட்சி கிடையாது. அதன் வாயை அடைத்தால் வழக்கே இல்லை. ‘சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறது’ என்ற ஆட்சேபமும் வெறும் சாக்கு அல்ல. கலிபோர்னியாவின் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கில் நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் பதிலைத் திணிக்கும் விதமாகக் கேள்வி கேட்டார்கள். 1983இல் கிளம்பிய வழக்கு 1990இல் ஒருவருக்கும் தண்டனையின்றி முடிந்தது. தவறு கேட்டவர்களுடையது.

கேட்கும் முறையைத்தான், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் மாற்றியது. வாக்குமூலம் வாங்கும் போலீஸார் சீருடையில் இருக்கக் கூடாது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் குழந்தையிடம் நேராகக் கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க, அவர்தான் கேட்பார். பெற்றோரோ நம்பிக்கைக்குரியவரோ உடனிருக்க, மூடிய அறையில் விசாரணை நடக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் திரைக்கோ ஒருவழிக் கண்ணாடிக்கோ அப்பால் இருப்பார், அல்லது காணொளியில் இணைவார். குழந்தை பேசுவது அவருக்குக் கேட்க வேண்டும், அது அவர் உரிமை. நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்த 30 நாளுக்குள் சாட்சியத்தைப் பதிய வேண்டும் என்பதும் விதி.

விசாரணை அறைக்குள் திரை இருந்தும், பெயர் கூப்பிடும் வரை இரு தரப்பும் ஒரே வராந்தாவில் காத்திருக்க நேர்ந்தால் அந்தத் திரையால் பெரிய பயனில்லை. எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்கெனத் தனி மையங்களை எல்லா மாநிலங்களிலும் அமைக்க உச்ச நீதிமன்றம் 2022இல் வழிகாட்டுதல் தந்தது. அத்தகைய மையத்தில் குழந்தைக்கு வாசலும் காத்திருக்கும் அறையும் தனி.