நோயாளருக்கென எழுந்த ஆலயம்

ஆலயங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அவற்றைக் கட்டுவித்த மன்னரையும் குருமாரையும் பற்றியே பேசினர். உள்ளே அமர்ந்து வழிபட்ட எளியோர் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. வியன்னா நகரின் மேற்கெல்லையில், ஸ்ரைன்ஹோவ் குன்றுச் சரிவில் நிற்கும் புனித லெயோபோல்ட் தேவாலயம் இதற்கு விலக்காகும். அதன் ஒவ்வோர் உறுப்பும் அங்கு வழிபட வருவோரை எண்ணியே அமைக்கப்பட்டது. அவ்வாறு வந்தோர் உளநோயாளர்.

1907 ஆம் ஆண்டு அக்குன்றிலே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளருக்கான பெரிய உளநோய் வைத்தியசாலையொன்று திறக்கப்பட்டது. அதன் உச்சியில் தேவாலயத்தை அமைத்தவர் ஒட்டோ வாக்னர் (1841–1918). பயன்படாத ஒன்று அழகுடையதாக இருத்தல் இயலாது என்பது 1896 இல் வெளியான தமது நூலில் அவர் வற்புறுத்திய கொள்கை. 1904 இல் தொடங்கி 1907 இல் நிறைவெய்திய இவ்வாலயம் அக்கொள்கைக்குச் சிறந்த சான்று எனலாம்.

பின்வரிசையில் இருப்போருக்கும் பலிபீடம் தெரியும்வண்ணம் தளம் சரிவாக அமைந்தது. நோயாளர் மோதிக் காயமுறாதிருக்க இருக்கைகளின் விளிம்புகள் வளைவாக்கப்பட்டன. தொற்றுநோயைத் தவிர்க்கும் பொருட்டுத் தீர்த்தம் தொட்டியில் தேங்காது ஒழுகி வருமாறு செய்யப்பட்டது. திடீரென நோய் மிகுவோருக்கு மருத்துவ அறையும், அவசரத்தில் வெளியேறப் பக்க வாயில்களும் வைக்கப்பட்டன. புறத்தே பொன்முலாம் பூசிய குவிமாடம் உயர்ந்து தோன்றினும் உள்விதானம் மிகத் தாழ்வாகவே அமைந்தது. ஓசை தெளிவாகக் கேட்பதும் மண்டபத்தை வெப்பமாக வைத்திருப்பதும் அதனால் எளிதாயின. கொலமன் மோசர் வரைந்த கண்ணாடிச் சாளரங்களின் பொருளும் நோக்கற்பாலது: இரக்கச் செயல்களுக்குச் சான்றாய் நின்ற புனிதர்களே அவற்றில் இடம்பெற்றனர்.

இப்புதுமை அனைவருக்கும் உவப்பாயிருக்கவில்லை. திறப்பு விழாவுக்கு வந்த முடிக்குரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினண்ட் பழைய பாணியையே விரும்பினார். ஆயினும் பின்வந்த தலைமுறையினர் இதனை நவீன கட்டடக்கலையின் தொடக்கச் சின்னங்களுள் ஒன்றாகப் போற்றினர்.

அக்குன்றின் கதை இத்துடன் முடிந்திருக்குமாயின் மகிழ்ச்சியோடு நிறுத்தலாம். 1938 இல் ஒஸ்திரியா நாற்சி ஜேர்மனியுடன் இணைக்கப்பட்டது. 1940–41 காலப்பகுதியில் இவ்வைத்தியசாலையிலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் ஹாட்ஹைம் என்னுமிடத்தில் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர். அதே வளவிலிருந்த ஸ்பீகல்குறுண்ட் சிறுவர் பிரிவில் 1940 முதல் 1945 வரை 789 பிள்ளைகள் மாண்டனர். இருக்கையின் விளிம்பு கூட நோயாளரை நோகச் செய்தலாகாது எனக் கருதிய ஆலயத்தின் அடிவாரத்திலேயே, நோயாளர் வாழத் தகாதவர் என்ற தீர்ப்பும் எழுதப்பட்டது. அப்பிள்ளைகளுட் பலரின் உடலெச்சங்கள் ஆய்வுப் பொருளாகப் பல்லாண்டுகள் பேணப்பட்டு, 2002 இலேயே அடக்கம் செய்யப்பட்டன.

கல்லும் பொன்னும் கொண்டு எழுப்பிய கருணை தன்னைத்தானே காத்துக்கொள்வதில்லை. வாக்னரின் கட்டடம் சிதையாது நின்றது. அதனை எழுப்பிய மனப்பாங்கு நாற்பது ஆண்டுகளுக்குள் சிதைந்தது. 2006 இல் புதுப்பித்து மீண்டும் திறக்கப்பட்ட அவ்வாலயத்தைக் காணச் செல்வோர் குவிமாடத்தை மட்டும் பார்த்துத் திரும்புதல் போதாது. நலிந்தோரை ஒரு சமுதாயம் எவ்வாறு நடத்துகிறது என்பதே அதன் நாகரிகத்தின் அளவுகோல். அவ்வளவுகோலின் இரு முனைகளும் அந்த ஒரே குன்றில் உள்ளன.