அடையாற்றுக்கு எழுதிய பதில்கள்

புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கேட்டபோது, சாகப்போகிறவர்களுக்கு அது எதற்கு என்ற எண்ணம்தான் மேலிடங்களில் இருந்தது. அவரோ தன் தங்கையை மலக்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். கேட்டுக்கொண்டே இருந்தார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் மாதம் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. முத்துலட்சுமியின் மகன் கிருஷ்ணமூர்த்தியும், மறு ஆண்டு வந்து சேர்ந்த சாந்தாவும்தான் அதைத் தூக்கி நிறுத்திய டாக்டர்கள். 2021-இல் காலமாகும்வரை சாந்தா அந்த வளாகத்திலேயே குடியிருந்தார்.

1957-இல் கனடாவிலிருந்து கோபால்ட்-60 இயந்திரம் வந்தது. அதற்கு முந்தைய எக்ஸ்ரே சிகிச்சை மேல்தோலிலேயே முழு வேகத்தையும் காட்டி, தோலைப் புண்ணாக்கிவிடும். கோபால்ட் கதிரின் உச்சம் தோலுக்குச் சற்று உள்ளே விழும். அதனால் தோல் பெருமளவு தப்பியது. அடிவயிற்றின் ஆழத்தில் இருக்கும் கட்டிக்கும் போதிய கதிர் போய்ச் சேர்ந்தது. ஆனால் கதிர் சிகிச்சையைப் பற்றி 'கரண்டு வைத்தால் ஆள் கருகிவிடும்' என்ற பேச்சு ஊர்ப்பக்கம் பல வருஷம் நிற்கவில்லை.

எங்கள் அத்தை 1970-களில் செய்யாறு பக்கத்திலிருந்து கர்ப்பப்பை வாய்ப் புற்றோடு அங்கே போனார். வீட்டில் யாரும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "வயித்துல கட்டி" என்றுதான் ஊருக்கும் சொன்னோம், அவரிடமும் சொன்னோம். பக்கத்துப் படுக்கைக்காரர்களைப் பார்த்து அவரே தெரிந்துகொண்டார். வாரக்கணக்கில் கரண்டு, பிறகு கர்ப்பப்பைக்குள் கதிர்க்குழாய் வைத்து, புரளாமல் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். அதையெல்லாம் தாங்கியவர், வீட்டுக்குக் கிளம்பும் நாளில்தான் கலங்கிப்போய்க் கேட்டாராம்: "டாக்டரம்மா, இது மறுபடியும் வருமா?"

வரலாம், அதனால் நீங்கள் வரவேண்டும் என்று பதில் கிடைத்தது. முதலில் சில மாதங்களுக்கு ஒருமுறை, பிறகு வருஷத்துக்கு ஒருமுறை.

இந்த மருத்துவமனையின் வரலாற்றில் என் மனம் நிற்பது இந்த இடத்தில்தான். வைத்தியம் முடிந்து ஊருக்குப் போனவர் திரும்ப வராவிட்டால் அவர் இறந்துவிட்டாரா, குணமாகி வயலில் நாற்று நடுகிறாரா என்று டாக்டருக்குத் தெரியாது. தெரியாதபோது, இந்த வைத்தியம் பலிக்கிறதா என்ற கேள்விக்கும் பதில் கிடையாது. வராதவர்களுக்கு மருத்துவமனையிலிருந்து கடிதம் போட்டார்கள். ஆளனுப்பியும் விசாரித்தார்கள்.

அத்தைக்கும் ஒருமுறை அப்படிக் கடிதம் வந்தது. பெரிய பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். அடையாற்றிலிருந்து தபால் வருவது தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும், பதிலே போடாதே என்று உறவினர்கள் தடுத்தார்கள். அத்தைக்கு எழுதத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையான என்னைத் திண்ணையில் உட்காரவைத்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "ரத்தம் படல. கால் வீங்கல. பசிக்குது. நடவு முடிஞ்சதும் வர்றேன்." கேஸ் நம்பரைச் சீட்டைப் பார்த்து எழுதச் சொன்னார், சரியாக எழுதினேனா என்று மாமாவையும் பார்க்கவைத்தார். வரன் என்ன ஆனாலும் ஆகட்டும் என்று பதில் போட்ட அந்தத் துணிவை இன்றும் வியக்கிறேன்.

ஐந்து வருஷம் கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று இப்படிப்பட்ட பதில்களைச் சேர்த்துத்தான் கணக்கிட முடிந்தது. 1981-இல் சென்னை நகரத்துக்கே புற்றுநோய்ப் பதிவேடு ஒன்றை மருத்துவமனை தொடங்கியது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ப் பெயர்களைத் திரட்டினார்கள். இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் சென்னைப் பெண்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றே முதலிடத்தில் இருந்தது. பிறகு அது குறைந்து மார்பகப் புற்று மேலே வந்தது பதிவேட்டினால்தான் தெரிந்தது. ஆரம்பத்திலேயே கண்டால் குணமாக்கலாம் என்று சாந்தா ஊர் ஊராகச் சொன்னதற்குப் பின்னால் இந்தக் கணக்குகள் இருந்தன.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு அத்தை கடைசிவரை ரிவ்யூவைத் தவறவிடவில்லை. பிற்காலத்தில் தனியாகவும் போகமாட்டார். மாதவிலக்கு நின்றபின் ரத்தம் படுகிறது என்று யாராவது கிணற்றடியில் மெல்லச் சொன்னால் போதும். அடுத்த பஸ்ஸில் அவளையும் ஏற்றிக்கொண்டு போய், இவளையும் பாருங்கள் என்று டாக்டர் முன் உட்காரவைத்துவிடுவார்.