கதை என்னும் சொல்: பிரமாணமும் போதுபோக்கும்

சென்னை அடையாற்றில் கர்னல் ஆல்காட் 1886இல் நிறுவிய நூலகம் ஏட்டுச்சுவடிகளைத் திரட்டி, ஒப்புநோக்கி, அச்சேற்றி வந்தது. ஸ்ரீபாஞ்சராத்ர ஆகமத்தைச் சேர்ந்த அஹிர்புத்ந்ய ஸம்ஹிதை 1916இலும், லக்ஷ்மீ தந்த்ரம் 1959இலும் அங்கிருந்து வெளிவந்தன. இவ்விரண்டையும் புரட்டுவோர்க்கு முதலில் தென்படுவது தத்த்வ நிரூபணம் அன்று; யார் யாருக்குச் சொன்னது என்னும் செய்தியே. பரத்வாஜர் கேட்க துர்வாஸர் சொல்கிறார். அவர் சொல்வதோ அஹிர்புத்ந்யர் நாரதருக்கு உரைத்தது. அநஸூயை கேட்க அத்ரி சொல்கிறார். அதனுள்ளே மஹாலக்ஷ்மி இந்த்ரனுக்கு அருளியது அடங்குகிறது. இக்காலத்தார் இவ்வமைப்பைக் கதைக்குள் கதை என்னும் இலக்கிய உத்தியாகக் கருதிக் கடந்துவிடுவர். பூர்வர்களுக்கு அது உத்தியன்று; உபதேசம் வந்த வழியைக் காட்டும் சான்று. கதையைக் குறிக்கும் சொற்கள் ஸம்ப்ரதாயத்தில் பலவாக வகுக்கப்பட்டதற்கும் இதுவே காரணம்.

கதை என்னும் சொல்லையே முதலில் நோக்குவோம். தமிழ் எழுத்தில் இது இரு வடசொற்களுக்கு உருவாக நிற்கிறது. ஒன்று எம்பெருமானுடைய பஞ்சாயுதங்களுள் ஒன்றான கதை. அடையாற்றுக்குத் தெற்கே அதே கடற்கரையில் உள்ள கடல்மல்லையில் அவதரித்த பூதத்தாழ்வார் கௌமோதகியின் அம்சம் என்பர். மற்றொன்று 'சொல்லுதல்' என்னும் தாதுவிலிருந்து பிறந்த கதா. அமரகோசம் கற்பித்து அமைக்கும் ப்ரபந்தத்தைக் கதை என்றும், அறிந்த பொருளை உரைப்பதை ஆக்யாயிகை என்றும் பிரிக்கிறது. நியாய சாஸ்த்ரத்திலோ கதை என்றால் விவாதம். வாதம், ஜல்பம், விதண்டை என மூவகைப்படுவது. நிகமாந்த மஹாதேசிகன் ந்யாயபரிசுத்தியில் விசாரிக்கும் கதை இதுவே. யாழ்ப்பாணத்தார் பேசுவதையே கதைத்தல் என்பர். அங்குத் தாதுவின் பொருள் மாறாமல் உள்ளது. சென்னைத் தெருவில் 'கதை விடுகிறான்' என்றால் பொய் சொல்கிறான் என்று பொருள். உரையாடல், விவாதம், புனைவு, பொய் என இத்தனையும் ஒரு சொல்லில் அடங்கியிருப்பதால், 'ராமாயணக் கதை' என்னும்போது எப்பொருள் கொள்ளத்தக்கது என்று தெளிதல் வேண்டும்.

ஆசார்யர்கள் இம்மயக்கத்துக்கு இடம் வைக்கவில்லை. ஸ்ரீராமாயணமும் மஹாபாரதமும் இதிஹாஸம். 'இப்படியே இருந்தது' என்பது அச்சொல்லின் பொருள். பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசந பூஷணத்தைத் தொடங்கும்போதே வேதார்த்தத்தை நிர்ணயிக்கும் கருவிகளுள் இதிஹாஸத்தை வைக்கிறார். உத்தரபாகத்தின் பொருளை அறுதியிடுவதில் புராணத்தினும் அது வலியது என்கிறார். சிறையிருந்தவளின் ஏற்றத்தை ஸ்ரீராமாயணமும், தூது சென்றவனின் ஏற்றத்தை மஹாபாரதமும் சொல்லுவதாக அருளிச்செய்கிறார். கதாபாத்திரம், நிகழ்ச்சிக்கோவை என்ற பார்வைக்கு அங்கு இடமில்லை. புருஷகாரமும் உபாயமும் எப்படிப்பட்டவை என்பதற்கு ஸாக்ஷியாகவே இதிஹாஸம் கொள்ளப்படுகிறது.

இதிஹாஸத்தோடு பிறந்த மற்றொரு சொல் ஐதிஹ்யம். பரம்பரையாக வரும் உபதேசம் என்று அமரகோசம் இதற்குப் பொருள் கூறும். பௌராணிகர் இதைத் தனிப் பிரமாணமாகவே கொண்டனர்; நியாய சூத்ரம் சப்தத்தில் அடக்கிற்று. ப்ரத்யக்ஷம், அநுமாநம், சப்தம் என மூன்று பிரமாணங்களையே கொள்ளும் விசிஷ்டாத்வைத ஸித்தாந்தத்திலும், ஆப்தர் வாயிலாக வந்த ஐதிஹ்யம் சப்தத்திலேயே சேரும். ஆகவே ஐதிஹ்யத்தின் உயிர் அதன் சுவையில் இல்லை; சொன்னவரின் ஆப்தத்வத்தில் இருக்கிறது.

இதை விளக்கும் ஐதிஹ்யம் ஒன்று குருபரம்பரையிலேயே உண்டு. எம்பெருமானார் திருமாலையாண்டானிடம் திருவாய்மொழியின் பொருள் கேட்டு வருகையில், இரண்டாம் பத்து மூன்றாம் திருவாய்மொழியில் ஒரு பாசுரத்துக்கு ஆண்டான் ஆழ்வாருடைய வருத்தம் தோன்றப் பொருள் உரைத்தார். முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் நன்றி சொல்வனவாக இருத்தலின் இதுவும் அவ்வாறே ஆகவேண்டும் என்றார் எம்பெருமானார். ஆளவந்தார் பக்கல் கேட்டறியாத பொருளை விச்வாமித்ர ஸ்ருஷ்டி என்று கருதி ஆண்டான் காலக்ஷேபத்தை நிறுத்திவிட்டார். திருக்கோட்டியூர் நம்பி வந்து, அப்பொருளைத் தாம் ஆளவந்தாரிடம் கேட்டதுண்டு என்று தெரிவித்த பிறகே அது மீண்டும் தொடர்ந்தது. பொருள் அழகியதா என்பதன்று அங்கு எழுந்த கேள்வி. எங்கிருந்து வந்தது என்பதே. எம்பெருமானார் அருளிய பொருளுக்கும் அக்கேள்வியினின்று விலக்கில்லை. ஈடு முதலான வியாக்யானங்களில் 'ஆளவந்தார் நிர்வாஹம்', 'எம்பெருமானார் நிர்வாஹம்' எனப் பெயரிட்டுப் பொருள் பிரிக்கும் மரபு இந்த உணர்விலிருந்து வந்தது.

வார்த்தை என்னும் சொல்லும் அத்தகையதே. வழக்கில் அது பதத்தையோ பேச்சையோ குறிக்கும். ஸம்ப்ரதாயத்தில் ஆசார்யர் திருவாக்கைக் குறிக்கும். பின்பழகிய பெருமாள் ஜீயர் தொகுத்தது வார்த்தாமாலை எனப் பெயர் பெற்றது. திருக்கோளூர் பெண்பிள்ளை எம்பெருமானாரிடம் விண்ணப்பித்த 81 வார்த்தைகளுள் ததிபாண்டனும் இடம்பெறுகிறான். அவன் சரிதம் ஸ்ரீபாகவதத்தில் இல்லை. எனினும் பெரியோர் வார்த்தையில் வந்தமையால் கொள்ளத்தக்கதாயிற்று. ஸேதுபந்தனத்தில் அணில்கள் செய்த கைங்கர்யம் வால்மீகியில் இல்லை. தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் உண்டு. இவ்விரண்டையும் சொல்லும் உபந்யாஸகர் 'வால்மீகி சொன்னார்', 'சுகர் சொன்னார்' என்றால் தவறு, 'ஆழ்வார் அருளினார்', 'பெரியோர் வார்த்தை' என்றால் குறைவில்லை, ஏற்றமே உண்டு.

இனிக் காலக்ஷேபம். வடமொழியில் இச்சொல் காலத்தைக் கழித்தல், தாழ்த்தல் என்று பொருள்படும். எழுதுவதிலும் படிப்பதிலும் கேட்பதிலும் வழிபடுவதிலும் தம் நாளைக் கழித்ததாகத் திருமழிசைப்பிரான் நான்முகன் திருவந்தாதியில் விண்ணப்பிக்கிறார். ப்ரபன்னனுக்கு உபாயத்தில் செய்யவேண்டுவது ஒன்றுமில்லை. சரீரம் விழுமளவும் உள்ள காலத்தை எப்படிக் கழிப்பது என்ற வினாவே எஞ்சுகிறது. அதற்கு விடையாகவே ஆசார்யன் திருவடியில் இருந்து நூலை வரிவரியாகக் கேட்பது கிரந்த காலக்ஷேபம் எனப்பட்டது. பெரிய திருமலை நம்பியிடம் கீழ்த்திருப்பதியில் எம்பெருமானார் ஓராண்டு ஸ்ரீராமாயணம் கேட்டது இம்முறையில்தான். போதுபோக்கு என்று தமிழில் வியாக்யாதாக்கள் வழங்கியதும் இதையே.

பிற்காலத்தில் இச்சொற்கள் வேறு வழியில் நடந்தன. தஞ்சை மராட்டியர் அவையில் வளர்ந்த கீர்த்தன மரபைத் தழுவி, தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இசையோடு கூடிய கதாகாலக்ஷேபத்தைத் தமிழில் நிலைநிறுத்தினார். எம்பார் விஜயராகவாசாரியார் போன்றோர் அதைச் சென்னைச் சபைகளில் சிறக்கச் செய்தனர். அடையாற்றில் 1936இல் தோன்றிய கலாக்ஷேத்ரம் வால்மீகியை நாட்டிய நாடகமாக்கிற்று. அருகில் வைத்துரைப்பது என்னும் பொருளுடைய உபந்யாஸம் தமிழில் சமயச் சொற்பொழிவாயிற்று. ஹிந்தியிலும் வங்கத்திலும் நாவலுக்குப் பெயராயிற்று. காலட்சேபம் பேச்சு வழக்கில் பிழைப்பு நடத்துவதைக் குறிக்கலாயிற்று. பொழுதுபோக்கோ இன்று கேளிக்கைக்குப் பெயர்.

இவற்றில் எதையும் பழிப்பதற்கில்லை. பாட்டும் ஆட்டமும் எத்தனையோ பேரைப் பெருமாள் பக்கல் திருப்பியிருக்கின்றன. குலசேகரப் பெருமாள் ஸ்ரீராமாயணம் கேட்கையில், கரனோடு தனியே பொரும் பெருமாளுக்குத் துணையாகத் தம் சேனையைத் திரட்டி எழுந்தார் என்பது ஐதிஹ்யம். கேட்டவர் உருகுவது குற்றமானால் அவ்வாழ்வாருக்கு ஏற்றமில்லை. கவலை வேறொன்றில் உள்ளது. இதிஹாஸம், புராணம், ஐதிஹ்யம், வார்த்தை, சொல்பவர் தம் கற்பனை ஆகிய ஐந்தும் 'கதை' என்ற ஒரே பெயரில் ஒரே மூச்சில் சொல்லப்படும்போது, கேட்பவருக்குப் பிரித்தறியும் வழி அடைபடுகிறது. இலக்ஷ்மணன் கிழித்த கோடு வால்மீகியில் இல்லை. சிறு வயது முதல் அதைக் கேட்ட ஒருவர் பின்னொருநாள் மூலத்தைப் பார்த்து அது அங்கில்லை எனக் காண்பாரேல், அந்தக் கோட்டை மட்டும் ஐயுறமாட்டார். சிறையிருந்தவள் ஏற்றத்தையும் ஐயுறுவார். பிரமாணத்தைக் கதையாகத் தாழ்த்தியதன் பலன் அதுவே.

இதற்குப் பரிஹாரம் கடினமானதன்று. மூலத்தில் உள்ளதை மூலம் என்றும், பெரியோர் பக்கல் கேட்டதை ஐதிஹ்யம் என்றும், விளக்கத்துக்காகத் தாம் அமைத்ததை உதாஹரணம் என்றும் ஒரு சொல் சேர்த்துச் சொன்னால் போதும். நூலகத்தில் சுவடியைப் பதிப்பிப்பவர் எந்த ஏட்டில் எந்தப் பாடம் என்று குறிக்கிறார். வாய்மொழியாகச் சொல்பவருக்கும் அக்கடமை உண்டு. அவருடைய ஏடு கேட்பவரின் நெஞ்சு. அதில் ஏறிய பாடத்தைத் திருத்துவது பனையோலையில் திருத்துவதினும் அரிது.