நெருக்கடிக்கு முந்தைய நிர்வாகம்: மொன்றியல் சர்க்கஸ் நிறுவனம் ஒன்றின் வரலாறு, 1984–2021

நெருக்கடி வரும்போது துணிவும் நம்பிக்கையும் காட்டுபவரே சிறந்த வணிகத் தலைவர் என்பது பரவலான எண்ணம். மொன்றியல் நகரின் வில்லரே–சாங் மிஷேல்–பார்க் எக்ஸ்டென்ஷன் வட்டாரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட 'சர்க் து சொலே' சர்க்கஸ் நிறுவனத்தின் வரலாறு அந்த எண்ணத்தைத் திருத்தச் சொல்கிறது. வளமான ஆண்டுகளில் ஒரு நிறுவனம் எதைச் சேர்த்தது, எவ்வளவு கடனை ஏற்றது என்பதே நெருக்கடியில் அதன் கதியைப் பெரிதும் முடிவுசெய்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1984இல், ஜாக் கார்த்தியே கனடாவுக்கு வந்த 450ஆம் ஆண்டு விழாவையொட்டி, கி லாலிபெர்த்தேயும் சக தெருக்கலைஞர்களும் கியூபெக் அரசின் உதவியோடு இக்குழுவைத் தொடங்கினர். 1987இல் லாஸ் ஏஞ்சலிஸ் விழாவுக்குச் சென்றபோது, காட்சி எடுபடாவிட்டால் ஊர் திரும்பக் கையில் பணம் இல்லை. துணிச்சல் பலித்தது, ஆனால் அது இழப்பதற்கு அதிகம் இல்லாத சிறு குழுவின் துணிச்சல். வளர்ந்த பிறகு நிறுவனம் தேடிய உண்மையான பலம் வேறு. 1997இல் அது சாங் மிஷேலில், குப்பைக்கிடங்காக மாறியிருந்த மிரோன் கற்குவாரியின் அருகே, தன் தலைமையகத்தை அமைத்தது. பயிற்சிக்கூடமும் உடை தைக்கும் பட்டறையும் ஒரே இடத்தில் அமைந்தன. தேசிய சர்க்கஸ் பள்ளியும், 2004இல் திறக்கப்பட்ட 'தோயு' அரங்கமும் அக்கம்பக்கத்தில் சேர்ந்தன. இப்படி ஊன்றிய கைத்திறனே பின்னாளில் மதிப்புக் குறையாத சொத்தாக நின்றது.

கடன் இதற்கு எதிர்த்திசையில் வளர்ந்தது. 2013இல் சுமார் 400 பேரை வேலைநீக்கம் செய்தது நிதிநிலை பற்றிய முதல் எச்சரிக்கை. 2015இல் பெரும்பான்மைப் பங்கு அமெரிக்க முதலீட்டு நிறுவனமான டி.பி.ஜி.யின் கைக்குச் சென்றது. சீனாவின் ஃபோசனும் கியூபெக் ஓய்வூதிய நிதி நிறுவனமும் உடன் சேர்ந்தன. 2017 முதல் 2019 வரை 'புளூ மேன் குரூப்' உள்ளிட்ட நிறுவனங்கள் அடுத்தடுத்து வாங்கப்பட்டன. 2020 மார்ச்சில் பெருந்தொற்று உலகெங்கும் திரைகளை மூடியபோது 44 படைப்புகள் ஒரே வேளையில் நின்றன. பணியாளர்களில் 95 விழுக்காடு, அதாவது 4,679 பேர், தற்காலிகமாக வேலையிழந்தனர். கடன் ஏறத்தாழ 90 கோடி அமெரிக்க டாலர். ஜூன் இறுதியில் நிறுவனம் கடன்கொடுத்தோரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது.

வருமானம் முழுவதும் நின்றுபோகும் ஒரு பேரிடரை எந்தத் தலைவராலும் முன்கூட்டித் தடுக்க முடியாது என்பது நியாயமான மறுப்பு. வருமானம் நின்றது பெருந்தொற்றால்தான். ஆனால் அதைத் தாங்கும் வலுவைக் கரைத்த கடன் அதற்கு முன்பே ஏற்கப்பட்டது. நிறுவனத்தைக் காத்தது சட்டமே, தலைமை அல்ல என்பது இரண்டாவது மறுப்பு. சட்டம் அவகாசம் தந்தது உண்மை. ஆனால் கடன்கொடுத்தோர் 2020 நவம்பரில் உரிமையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த கலைத்திறனுக்கும் பெயருக்கும் இன்னும் மதிப்பு இருந்ததே. லாஸ் வேகாஸ், ஆர்லாண்டோ நிரந்தரக் காட்சிகளின் பணியாளர்களை விடாமல் வைத்திருந்த முடிவும் உதவியது. 2021 கோடையில் லாஸ் வேகாஸில் 'மிஸ்தேர்' காட்சி முதலில் மீண்டும் மேடையேறியது.

எனினும் மீட்சியைக் கொண்டாடுவதோடு ஆய்வு நின்றுவிடக் கூடாது. பிணையோடு கடன்கொடுத்தோர் உரிமையாளர்கள் ஆனார்கள். ஒப்பந்தக் கலைஞர்கள் நிலுவை பெறும் வரிசையின் கடைசியில் நின்றார்கள். மீண்டெழத் தேவைப்பட்ட திறன் அந்தக் கலைஞர்களின் உடலிலும் உழைப்பிலும் இருந்தது. ஆகவே நெருக்கடியை ஆக்கபூர்வமாக எதிர்கொள்ள விரும்பும் தலைவர், நல்ல காலத்திலேயே கடனுக்கு வரம்பு கட்டி, உழைப்போருக்கென ஒரு சேமநிதி ஒதுக்க வேண்டும். திரை மூடிய பிறகு அதற்கு நேரம் இருப்பதில்லை.