மறுமுனையில் ஒருவர்

சட்டனிலிருந்து பஸ்ஸில் மோர்டன் போய், அங்கே நார்தர்ன் லைன் ரயில் ஏறினால் ஓவல் நிலையத்தில் இறங்கலாம். இங்கிலாந்து மண்ணில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை 1971 ஆகஸ்ட் 24 அன்று பெற்றது அங்குள்ள மைதானத்தில்தான். அன்று விநாயகர் சதுர்த்தி. நமக்குப் பக்கத்திலுள்ள செஸிங்டன் விலங்குக் காட்சிசாலையிலிருந்து பெல்லா என்ற யானையை மைதானத்துக்கு அழைத்து வந்தார்கள். யானையையும் நினைவிருக்கிறது, 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்த சந்திரசேகரையும் நினைவிருக்கிறது. மறுமுனையில் பந்து வீசியவரைத்தான் பலர் மறந்துவிட்டார்கள்.

அவர் சென்னைக்காரரான எஸ். வெங்கட்ராகவன். அந்த இன்னிங்ஸில் 20 ஓவர் வீசி 44 ரன்னுக்கு 2 விக்கெட் எடுத்தார். ஆலன் நாட்டை சோல்கர் பாய்ந்து பிடித்தது இவருடைய பந்தில். அதிக ரன் எடுத்திருந்த லக்ஹர்ஸ்டை, சந்திரசேகர் பந்தில் இவரே பிடித்தார். இங்கிலாந்து 101 ரன்னில் சுருண்டது.

ஆனாலும் ஆடிய காலம் முழுவதும் ஒரு கேள்வி அவரைத் துரத்தியது: இவர் போதுமா? காரணம், இந்தியாவிடம் இன்னொரு ஆஃப் ஸ்பின்னர் இருந்தார். மைசூர் அணியின் பிரசன்னா 1962இல் முதல் டெஸ்ட் ஆடி, பொறியியல் படிப்புக்காக விலகி, 1967இல் திரும்பி வந்தார். இடையில் 1965இல் 19 வயது வெங்கட்ராகவன் அணிக்குள் நுழைந்து, டெல்லியில் நியூசிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 12 விக்கெட் எடுத்துவிட்டார். அவரும் கிண்டியில் பொறியியல் படித்தவர். பேடி, சந்திரசேகரோடு இவர்கள் இருவரும் சேர்ந்து ஆடியது ஒரே ஒரு டெஸ்ட், 1967இல் எட்பாஸ்டனில். மற்ற நாட்களில் பெரும்பாலும் ஓர் இடத்துக்கு இரண்டு பேர்.

கணக்கைப் பார்ப்போம். பிரசன்னா 49 டெஸ்டில் 189 விக்கெட், சராசரி 30.38. வெங்கட்ராகவன் 57 டெஸ்டில் 156 விக்கெட், சராசரி 36.11. சென்னை ரசிகர்கள் வெங்கட்டுக்கு அநியாயம் நடந்தது என்பார்கள்; பெங்களூர்க்காரர்கள் பிரசன்னாவுக்குத்தான் நடந்தது என்பார்கள். நம் ஊர்ப்பாசத்தை ஒதுக்கிவைத்துச் சொன்னால், பிரசன்னாவே மேலான பந்துவீச்சாளர்.

ஆனால் இந்த எண்கள் யார் மேல் என்பதை மட்டுமே சொல்கின்றன. இரண்டாமவர் அணிக்குப் போதுமா என்பது வேறு கேள்வி. அதற்கான பதில் 1971இல் இருக்கிறது. அந்த ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் இந்தியாவுக்காக அதிக விக்கெட் எடுத்தவர் வெங்கட்ராகவன், மொத்தம் 22. அந்த அணியை இந்தியா முதன்முதலில் தோற்கடித்த போர்ட் ஆஃப் ஸ்பெயின் டெஸ்டின் இரண்டாவது இன்னிங்ஸில் 95 ரன்னுக்கு 5 விக்கெட். பிறகு இங்கிலாந்தில் மூன்று டெஸ்டிலும் அவர் ஆடினார். பிரசன்னா ஒன்றிலும் ஆடவில்லை. பந்தை மிதக்கவிட்டு மட்டையாளருக்கு ஆசைகாட்டுவது பிரசன்னாவின் வழி. வெங்கட் சற்று வேகமாக, ஒரே இடத்தில் வீசி ரன்னைக் கட்டுப்படுத்துவார். மட்டையாளருக்கு நெருக்கமாக நின்று பிடிப்பார், பின்வரிசையில் மட்டையும் பிடிப்பார். சந்திரசேகர் தாராளமாகத் தாக்க வேண்டுமானால் மறுமுனை இறுக்கமாக இருக்க வேண்டும். அந்த வேலைக்கு அவர் போதும்.

அதற்காக யாரும் அவருக்கு நிரந்தர இடம் தரவில்லை. 1974 டிசம்பரில் டெல்லி டெஸ்டுக்கு அவர்தான் கேப்டன். அடுத்த கல்கத்தா டெஸ்டில் அணியிலேயே இல்லை. 1979 உலகக் கோப்பையில் அவர் தலைமையில் இந்தியா எல்லா ஆட்டங்களிலும் தோற்றது, டெஸ்ட் தகுதி இன்னும் பெறாத இலங்கையிடமும். அதே கோடையில், அதே ஓவலில், 438 ரன்னைத் துரத்தி 8 விக்கெட்டுக்கு 429 வரை போய் டிரா செய்தது. ஊர் திரும்பும்போது கேப்டன் பதவி கவாஸ்கருக்குப் போயிருந்தது.

பிறகு அவர் நடுவரானார். 1993 முதல் 2004 வரை 73 டெஸ்ட். அவர் ஆடியவற்றைவிட 16 அதிகம்.

கோடைச் சனிக்கிழமைகளில் நம் பிள்ளைகள் சிலர் கிளப்பின் இரண்டாம் அணிக்குத் தெரிவாகி, வாடிய முகத்தோடு காரில் ஏறுகிறார்கள். அவர்களிடம் 1971 ஓவல் ஸ்கோர்கார்டைக் காட்டலாம். சந்திரசேகரின் வரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது இன்னொரு வரி: 20 ஓவர், 44 ரன், 2 விக்கெட்.