வம்ச அட்டவணையும் திருச்சபைப் பதிவேடும்

நம் சபைக் குடும்பங்கள் பல தத்தம் வம்ச வரலாற்றைத் தொகுக்க முற்பட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது. இப்பணிக்கு ஆதாரங்கள் இரண்டு: முதியோரின் வாய்மொழி, திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடு. இவற்றுள் ஒன்றை மட்டும் நம்புதல் தகாது.

முதியோர் பெரும்பாலும் தந்தைவழியையே நினைவிற் கொண்டுள்ளனர்; பாட்டிமாரின் பெயர்கள் விரைவில் மறைந்துபோகின்றன. ஞானஸ்நானத்திற்கு முந்தைய பெயரும் மறக்கப்படுகிறது. தேவசகாயம், ஞானமுத்து போன்ற பெயர்களோ ஊர்தோறும் வருதலால், ஒருவரை மற்றொருவராக எண்ணிவிட இடமுண்டு. ஆதலால் பெயரோடு ஊர், பெற்றோர், ஞானஸ்நான நாள் ஆகியவற்றையும் ஒப்பிட்டே நாம் முடிவு செய்தல் வேண்டும்.

பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பட்டியல் நமக்கு மற்றுமொரு பாடம் புகட்டுகிறது. அதிலுள்ள 40 பேருள் முதலாவது நிற்பவர், 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்னும் பிராமண விதவை. பல சாதியினரும் அவரோடு ஒரே ஏட்டில் எழுதப்பட்டனர். தந்தைவழி மட்டுமே வம்சமெனில், அவ்வம்மையாருக்கு எந்த அட்டவணையில் இடமுண்டு?

மத்தேயு நம் ஆண்டவரின் வம்சத்தை எழுதுகையில் தாமாரையும் ராகாபையும் ரூத்தையும் மறைத்தாரல்லர். சாதிப்பெருமை நாடி வம்சம் தொகுப்போர், பதிவேட்டில் தமக்கு உவப்பானதை மட்டும் எடுத்துக்கொள்வர். குருமார் நாமோ, செல்லரிக்குமுன் அவ்வேடுகளைப் பிரதி செய்து, உள்ளது உள்ளவாறே காத்து, கேட்போர் யாவர்க்கும் காட்டக் கடமைப்பட்டுள்ளோம்.